பழுப்பும் நீலமும்

என் தம்பியின் கழுத்திலிருந்து எடுத்த கட்டியைப் பற்றி இன்னொரு ஆய்வகம் எழுதியிருந்ததை அவன் மனைவி என் மேஜைமேல் வைத்தபோது எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. அழுகையெல்லாம் பிறகுதான். எங்கிருந்தோ பரவி வந்த புற்று, மூலம் தெரியவில்லை என்று எழுதியிருந்தார்கள். மூலம் தெரியவில்லை என்று எழுதுவதற்கு ஒரு ஆய்வகம் எதற்கு என்று வாய்வரை வந்துவிட்டது. அவள் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டேன்.

அவள் ஒரு பல் கிளினிக்கின் வரவேற்பு மேஜையில் வேலை பார்க்கிறவள். பயந்துகொண்டு வருகிறவர்களைச் சிரிக்கவைத்து நாற்காலியில் உட்காரவைப்பதுதான் அவள் வேலை. அன்று நான் நாற்காலியைக் காட்டியும் அவள் உட்காரவில்லை.

"அண்ணி, படிச்சிட்டு உண்மையச் சொல்லுங்க. அவர்கிட்ட இன்னும் எதுவும் சொல்லல. அக்கா ஒரு தடவ பாக்கட்டும்னு மட்டும் சொல்லி வச்சிருக்கேன்."

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"வியாழக்கிழமை எல்லா டாக்டரும் கூடிப் பேசுவாங்களாம். இந்த ரிப்போர்ட் சரியா இருந்தா, வலி தெரியாம பாத்துக்கறதுதான் நாம செய்யக்கூடிய பெரிய விஷயம்னாரு. நல்ல மனுஷன்தான். கண்ணப் பாத்துத்தான் சொன்னாரு."

சொல்லி முடித்துவிட்டுக் கைப்பையிலிருந்து சின்ன அட்டைப் பெட்டி ஒன்றை எடுத்து வைத்தாள். உள்ளே கண்ணாடி ஸ்லைடுகளும், தம்பியின் சதைத் துண்டைப் பொதிந்துவைத்த மெழுகுக் கட்டியும் இருந்தன. நான் கேட்பேன் என்று தெரிந்து அந்த ஆய்வகத்திலிருந்து வாங்கிக்கொண்டே வந்திருக்கிறாள். இந்த விஷயத்தில் என் தம்பி கெட்டிக்காரன், நல்ல பெண்ணாகப் பார்த்துக் கட்டியிருக்கிறான்.

அவன் ஓட்டுநர் பள்ளி வைத்திருக்கிறான். ஊரில் பாதிப் பேருக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவன், மீதிப் பேரை ரோட்டில் திட்டுகிறவன். வயது முப்பத்தைந்து ஆகவில்லை. சில மாதமாகச் சாயங்காலமானால் காய்ச்சல் அடித்தது, சட்டை தொளதொளத்தது, கழுத்தில் கோலிக்குண்டாக இருந்தது எலுமிச்சை அளவு ஆனது. எனக்கு வாய் ஓயாது என்றால் அவனுக்கு அதைவிட ஓயாது. அவன் ஒரு வாரமாக எனக்குப் போன் செய்யாமல் இருந்தபோதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

நான் நோயாளிகளின் முகத்தைப் பார்க்காத டாக்டர். என்னிடம் அவர்களுடைய சதைதான் வரும், வெங்காயத் தோலைவிட மெல்லிய சீவலாக, கண்ணாடிமேல் ஒட்டிக்கொண்டு. சாதாரணச் சாயத்தில் எல்லாம் இளஞ்சிவப்பும் நீலமுமாகத் தெரியும். அதில் கெட்ட செல் இருப்பது தெரிந்துவிடும், ஆனால் அது எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பது எப்போதும் தெரிவதில்லை. அதற்காகத்தான் தனிச் சாயங்கள். ஒவ்வொன்றும் ஒரே ஒரு புரதத்தைத்தான் தேடிப் பிடிக்கும். அந்தப் புரதம் இருந்தால் செல் பழுப்பாகும், இல்லாவிட்டால் நீலமாகவே நிற்கும். பழுப்பா நீலமா என்று பார்த்துச் சொல்வதுதான் என் பிழைப்பு.

தம்பி விஷயத்தில் எல்லாமே இந்தக் கேள்வியில்தான் நின்றது. அந்தச் செல்கள் தோல், குடல், நுரையீரல் என்று எங்கிருந்தாவது கிளம்பிப் பரவியவை என்றால், டாக்டர் கண்ணைப் பார்த்துச் சொன்னதுதான் கடைசிப் பேச்சு. அவை லிம்போசைட் என்கிற வெள்ளை அணுக்களின் குடும்பத்தைச் சேர்ந்தவை என்றால், அதாவது இது லிம்போமா என்றால், மருந்து கேட்கும். பலருக்குச் சுத்தமாகத் துடைத்துப் போட்டுவிடுகிறது.

அவள் நிற்க, நான் ஸ்லைடை வைத்துப் பார்த்தேன். பெரிய பெரிய செல்கள், கூட்டம் கூட்டமாக. சிலவற்றின் நடுவே இருந்த உட்கரு வளைந்து குதிரை லாடம் போலிருந்தது. லாடத்தைப் பார்த்ததுமே எனக்கு லிம்போமா என்றுதான் பட்டது. அடுத்து, லிம்போசைட் குடும்பத்தின் பொது அடையாளத்தைத் தேடும் சாயம் போட்ட ஸ்லைடு. கெட்ட செல்கள் அத்தனையும் நீலம். இதை வைத்துத்தான் அவர்கள் லிம்போமா இல்லை என்று தள்ளியிருக்கிறார்கள். பரவும் புற்றுகளில் பிடிக்கும் இன்னொரு சாயம் பிடித்திருக்கிறது என்பது அவர்களுக்கு இரண்டாவது காரணம்.

ஸ்லைடை ஓரத்துக்கு நகர்த்தினேன். அங்கே கட்டியில் சேராத சாதாரண லிம்போசைட்டுகள் வரிசையாக இருந்தன. அவை கட்டாயம் பழுப்பாக வேண்டியவை. அவையும் நீலமாகவே இருந்தன.

வகுப்பில் பெயர் கூப்பிடும்போது, முன் பெஞ்சில் கண்ணெதிரே உட்கார்ந்திருக்கிறவனே பதில் சொல்லவில்லை என்றால், வகுப்பு காலி என்று எழுதுவார்களா? கூப்பிட்டவரின் தொண்டை கட்டியிருக்கிறது என்றுதானே அர்த்தம். அந்தச் சாயம் வேலையே செய்யவில்லை. அது சொன்ன 'இல்லை'க்கு ஒரு மதிப்பும் கிடையாது.

"பயப்படாத," என்றேன். "இவங்க போட்ட சாயம் புடிக்கவே இல்ல. இது லிம்போமாதான். குணமாகிற ரகம். வீட்டுக்குப் போய் அவன்கிட்டயும் சொல்லு."

"நிச்சயமா அண்ணி?"

"நான் என்னிக்குடி நிச்சயமில்லாம பேசிருக்கேன்?"

அப்போதுதான் அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்து அழுதாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

அவளை அனுப்பிவிட்டு ஸ்லைடுகளை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனேன். எங்கள் ஆய்வகத்தில் எங்கும் எழுதிவைக்காத வழக்கம் ஒன்று உண்டு. சொந்தக்காரர்களின் சதை வந்தால் அதைப் பார்த்துச் சொல்வது அடுத்தவர். அடுத்த அறையில் இருப்பவரை நாங்கள் ஆமை என்போம். முகத்துக்கு நேராகவே அப்படித்தான் கூப்பிடுவேன். அவர் கோபித்துக்கொள்ள நினைப்பதற்குள் மறுநாள் விடிந்துவிடும். நான் பத்து ஸ்லைடு பார்க்கும் நேரத்தில் அவர் மூன்று பார்ப்பார். அவர் என்னை எக்ஸ்பிரஸ் என்பார், அதையும் நிறுத்தி நிதானமாகத்தான் சொல்வார்.

எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "நீ சொல்றது சரி, இந்தச் சாயம் புடிக்கல. நாம திரும்பப் போடுவோம்" என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எக்ஸ்பிரஸ், வீட்ல எதுவும் சொல்லிடலயே?"

"சொல்லிட்டேன்."

அவர் கண்ணாடியை மறுபடியும் துடைத்தார்.

எங்கள் ஆய்வகத்தில் சாயம் போடுவதில் கைதேர்ந்தவள் குக்கரம்மா. அந்தப் பெயருக்குக் காரணம் அவள் மேஜையிலிருக்கும் பிரஷர் குக்கர். வீட்டுச் சமையலறையில் இருக்கிற அதே சாமான்தான். சதை கெடாமல் இருக்க மருந்தில் ஊறவைக்கும்போது அதன் புரதங்கள் ஒன்றோடொன்று முடிச்சு விழுந்துவிடும், சாயம் உள்ளே நுழைய இடமிருக்காது. ஸ்லைடை ஒரு திரவத்தில் போட்டுக் குக்கரில் வேகவைத்தால் முடிச்சு அவிழும். வேக்காடு பத்தாவிட்டால் சாயம் பிடிக்காது. அதிகமானால் சதையே கண்ணாடியை விட்டு மிதந்து போய்விடும். அந்த இன்னொரு ஆய்வகம் கோட்டை விட்டது இந்த வேக்காட்டில்தான் என்று எனக்குத் தோன்றியது. குக்கரம்மாவுக்கும் அதே எண்ணம்.

"அரவேக்காடு," என்றாள் ஸ்லைடை வெளிச்சத்தில் பிடித்து. "நாளைக்குப் பாருங்க டாக்டரம்மா."

மறுநாள் ஆமையின் மேஜையில் இரட்டைத் தலை மைக்ராஸ்கோப்பின் ஒரு பக்கம் அவரும் மறுபக்கம் நானும் உட்கார்ந்தோம். பார்க்கலாம், பேசக் கூடாது என்பது அவர் நிபந்தனை. குக்கரம்மாவின் கைவேலை அருமையாக இருந்தது. ஓரத்துச் சாதாரண லிம்போசைட்டுகள் ஒன்றுவிடாமல் பழுப்பாகி நின்றன. இந்தத் தடவை தொண்டை கட்டவில்லை, குரல் கணீரென்று கேட்டிருக்கிறது. அவர் மெதுவாக, அவருக்கே உரிய பாழாய்ப்போன மெதுவோடு, கட்டியின் பக்கம் நகர்த்தினார்.

கெட்ட செல்கள் நீலமாகவே இருந்தன.

நேற்றைய 'இல்லை' பொய், இன்றைய 'இல்லை' நிஜம். அவர் அடுத்த ஸ்லைடை வைத்தார். பரவும் புற்றுகளில் பெரும்பாலும் பிடிக்கிற கெரட்டின் சாயம், அந்த இன்னொரு ஆய்வகம் போடாதது. அதிலும் அவை நீலம். அந்தக் குடும்பமும் இல்லை, இந்தக் குடும்பமும் இல்லை. இப்படி இரண்டு பக்கமும் கை விரிக்கிற செல்களில் மெலனோமா என்று ஒன்று உண்டு. கருப்பு மச்சத்தில் கிளம்பிக் கழுத்துக்கு வந்திருந்தால் அது தம்பிக்கு மிக மோசமான செய்தி. அந்தப் பெயரை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆமை சொன்னார்.

"மெலனோமாவுக்கும் ஒரு சாயம் போடணும்."

"லாடத்த நான் கண்ணால பாத்தேன்," என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. "லாடம் மாதிரி உட்கரு இருக்கற லிம்போமா ஒண்ணு இருக்கு. அதுல பொது அடையாளம் பல தடவ இருக்காது. முன்னாடி அவங்க போட்ட ரெண்டாவது சாயமும் அதுல புடிக்கும். வருஷா வருஷம் பசங்களுக்கு நான் நடத்துற பாடம் இது. நேத்து எனக்கே மறந்து போச்சு, அவ்வளவுதான்."

"இருக்கு," என்றார் அவர். "நானும் லாடத்தப் பாத்தேன். சி.டி. முப்பது, ஏ.எல்.கே-ன்னு ரெண்டு சாயம் போடச் சொல்லி எழுதிட்டேன். அது லிம்போமாவா இருந்தா அந்த ரெண்டும் பழுப்பாகும்."

"அப்புறம் என்ன? லிம்போமான்னு சொல்ல வேண்டியதுதானே."

"உனக்கு லாடம் வேணும். எனக்கு எதுவும் வேண்டாம். அதனாலதான் நான் பாக்கறேன்."

வாதாடுவதில் என்னை ஜெயித்தவர்கள் கொஞ்சம்தான். அன்று நான் எழுந்து வந்துவிட்டேன். அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க வராந்தா முழுக்க யோசித்தேன், கிடைக்கவில்லை.

வராந்தாவிலேயே தம்பியின் போன் வந்தது.

"என்னக்கா, குணமாகிற ரகமாமே. இவ நேத்துலேர்ந்து சிரிச்சிட்டே இருக்கா. நான்தான் காய்ச்சலோட உக்காந்து அவ சிரிக்கறத வேடிக்க பாக்கறேன்."

பொய் சொல்ல எனக்கு அரை நொடி ஆசை வந்தது. ஆனால் இவனிடம் நான் பொய் சொன்னால் இவன் என் மூச்சை வைத்தே கண்டுபிடித்துவிடுவான்.

"டேய், நான் அவசரப்பட்டுட்டேன். இன்னும் முடிவாகல. நான் நெனச்ச மாதிரியும் இருக்கலாம், ரொம்ப மோசமாவும் இருக்கலாம். இன்னும் மூணு சாயம் போடணும்."

அந்தப் பக்கம் தூரத்தில் யாரோ கியரை நறநறவென்று மாற்றுவது கேட்டது. காய்ச்சலோடு வண்டியில் உட்கார்ந்து பாடம் நடத்திக்கொண்டிருக்கிறான் கழுதை.

"நீ சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தானே," என்றான். "சரி, உன் பக்கத்து சீட்ல யாரு?"

அவன் கேட்டது எனக்குப் புரிந்தது. ஓட்டுநர் பள்ளி வண்டியில் பக்கத்து சீட்டின் கீழே இன்னொரு பிரேக் இருக்கும். ஓட்டுகிறவர் கண்ணை மூடிக்கொண்டு மிதித்தாலும் பக்கத்தில் இருப்பவர் நிறுத்திவிடலாம்.

"ஆமை," என்றேன்.

"அப்பச் சரி. நீ அழுத்து, அவரு புடிக்கட்டும். ரெண்டு பேருமா எங்கியாவது கொண்டுபோய்ச் சேத்துடுவீங்க. இவகிட்ட நானே பக்குவமா சொல்லிக்கறேன். வை."

வைத்துவிட்டு அங்கேயே சுவரில் சாய்ந்து நின்றேன். எனக்குப் பயமாக இருந்தது. ஆனால் அவன் குரலில் இருந்த தெம்பு என் காதில் ஒட்டிக்கொண்டது. லாடம் லாடம்தான் என்று எனக்குள் ஒன்று சொல்லிக்கொண்டே இருந்தது. நேற்று இருந்த தலைக்கனம் அதில் இல்லை.

குக்கரம்மா மூன்று ஸ்லைடுகளையும் அன்றே போட்டாள். ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஏற்கெனவே விடை தெரிந்த ஒரு சதைத் துண்டை ஒட்டினாள், சாயம் பிடிக்கிறதா என்று அதுவே சாட்சி சொல்லும். ஏ.எல்.கே சாயத்துக்குச் சாட்சியாக வைக்க, எப்போதோ வந்த ஒரு கட்டியின் மெழுகை அவள் நகைபோல் பாதுகாத்து வைத்திருந்தாள். அதிலிருந்து மிச்சம் பிடித்து மிச்சம் பிடித்துச் சீவுகிறவள், அன்று தாராளமாகச் சீவினாள்.

மெழுகைக் கரைத்தாள், குக்கரில் வைத்தாள், ஆறவைத்தாள், ஒவ்வொரு சாயத்தின் மருந்தையும் சொட்டுச் சொட்டாக விட்டாள், கழுவினாள். நான் பின்னாலேயே நின்றேன்.

"டாக்டரம்மா, நீங்க நின்னா சீக்கிரம் வெந்துடாது."

"தெரியும்."

"அப்ப உக்காருங்க. நிழல் விழுது."

கடைசியில் பழுப்பு ஏற்றும் திரவத்தை விடும்போது அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். எந்த ஸ்லைடு பழுப்பாகிறது என்று அவள் நின்ற இடத்திலிருந்தே தெரியும். நீலச் சாயம் போட்டு, மூடிக் கண்ணாடி வைத்து, தட்டை நேராக ஆமையின் அறைக்கு எடுத்துப் போனாள். கதவு சாத்திக்கொண்டது.

நான் வெளியே உட்கார்ந்தேன். ஒரு மனிதர் மூன்று ஸ்லைடு பார்க்க எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ள முடியும் என்பதை அன்று தெரிந்துகொண்டேன். வழியில் போன, புதிதாகச் சேர்ந்த துப்புரவு அம்மா என்னைப் பார்த்து, "யாருக்கும்மா உடம்பு சரியில்ல?" என்றார். நோயாளிகளின் வீட்டார் உட்காரும் பெஞ்சில் நான் அவர்களைப்போலவே கையைப் பிசைந்துகொண்டிருந்திருக்கிறேன். தம்பிக்கு என்றேன். "நல்லாயிடும், இங்க நல்ல டாக்டருங்க இருக்காங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். சிரிப்பு வந்துவிட்டது.

கதவு திறந்தது. "உள்ள வா," என்றார் ஆமை.

முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை, அவர் முகத்தில் எப்போதுமே எழுதியிருக்காது. நான் மறுபக்கத்துத் தலையில் கண்ணை வைத்தேன். முதலில் மெலனோமாவின் சாயம். சாட்சித் துண்டு பழுப்பு, கட்டி முழுவதும் சுத்தமான நீலம். அடுத்து சி.டி. முப்பது. பெரிய செல்கள் ஒவ்வொன்றின் விளிம்பிலும் கோடு போட்டதுபோல் பழுப்பு, உட்கருவுக்குப் பக்கத்தில் ஒரு பொட்டு. கடைசியாக ஏ.எல்.கே. உட்கருவும் வெளியும் ஒன்றாக, அடர்த்தியாக, சந்தேகத்துக்கு இடமே இல்லாத பழுப்பு. லாடங்கள் எல்லாம் பழுப்பு லாடங்கள்.

"சொல்லுங்க," என்றேன். எனக்குத் தெரியும். இருந்தும் அவர் வாயால் கேட்க வேண்டியிருந்தது.

"அனாப்ளாஸ்டிக் லார்ஜ் செல் லிம்போமா. ஏ.எல்.கே பாசிட்டிவ்." ஒவ்வொரு சொல்லையும் மேஜைமேல் எடுத்துவைப்பதுபோல் வைத்தார். "அவர் வயசுக்கு மருந்து நல்லாக் கேக்கற ரகம். இப்ப போன் பண்ணு."

நான் தம்பி வீட்டு எண்ணை அழுத்தினேன். கேவிக் கேவி அழுதேன். எனக்குத் தெரிந்து அந்த அறையில் யாரும் அப்படி அழுததில்லை. ஆமை என் கையிலிருந்து போனை வாங்கி, தம்பியின் மனைவியிடம் அவரே சொன்னார், நிதானமாக, ஒன்றையும் கூட்டாமல் ஒன்றையும் விடாமல். அவ்வளவு மெதுவாகப் பேசியது அன்று ஒருநாள் எனக்கு இனித்தது. பிறகு அந்த இன்னொரு ஆய்வகத்தையும் அவரே கூப்பிட்டார். என்னை விட்டிருந்தால் அவர்கள் இன்னும் காதைத் தேய்த்துக்கொண்டிருப்பார்கள்.

வியாழக்கிழமைக் கூட்டத்தில் வலியைப் பற்றிய பேச்சுக்கே வேலை இல்லாமல் போயிற்று. எந்த மருந்து, எப்போது ஆரம்பிப்பது என்று மட்டும் பேசினார்கள். முதல் மருந்து ஏற்றுவதற்கு முந்தைய நாள் தம்பியும் மனைவியும் ஆய்வகத்துக்கு வந்தார்கள். தம்பிக்கு அந்தக் கட்டியை நேரில் பார்த்துத் திட்ட வேண்டுமாம்.

இரட்டைத் தலை மைக்ராஸ்கோப்பில் ஏ.எல்.கே ஸ்லைடை வைத்தேன். அவன் கண்ணை வைத்து வெகுநேரம் பார்த்தான். திட்டவில்லை.

"இதா," என்றான். "எனக்குள்ள இருந்துக்கிட்டு இவ்வளவு டிசைனா இருந்திருக்கு." எழுந்து மனைவிக்கு இடம் விட்டான்.

அவள் குனிந்து பார்த்தாள். பல் கிளினிக்கில் இருப்பதாலோ என்னவோ பயப்படாமல் பார்த்தாள். ஸ்லைடை நகர்த்தச் சொன்னாள், நகர்த்தினேன்.

"அண்ணி, பழுப்பு கெட்டதா?"

"ஆமா. அது எல்லாம் போகணும்."

"நீலம்?"

"இந்த ஸ்லைடுல நீலமெல்லாம் நல்ல செல்லு. நீலமெல்லாம் அவன்."

அவள் கண்ணை எடுக்காமல், தானே அந்தத் திருகைப் பிடித்து, கட்டியைத் தாண்டி ஓரத்துக்கு மெதுவாக, ஆமையைவிட மெதுவாக நகர்த்திக்கொண்டே போனாள்.

"நெறய இருக்காரு அண்ணி," என்றாள்.